நொசோஸ் அரண்மனை: கல் எது, கான்கிரீட் எது?

கிரேக்கத்தின் கிரீட் தீவில் நொசோஸ் அரண்மனையைத் தோண்டியபோது கிடைத்த சுவரோவியத் துண்டுகளில் ஒரு தொகுப்பு இது: நீல உடம்பு, வளைந்த முதுகு, இடுப்பில் ஒரு பட்டை, சுற்றிலும் குங்குமப்பூச் செடிகள், பூவைப் போட்டுவைக்கும் கிண்ணம். தலை கிடைக்கவில்லை. அகழாய்வை நடத்திய ஆர்தர் ஈவான்ஸ் அதைப் பூப்பறிக்கும் சிறுவன் என்று முடிவுகட்டினார். ஓவியர் ஒரு மனிதத் தலையை வரைந்து சேர்த்தார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அந்தச் சிறுவன் பூப்பறித்துக்கொண்டே இருந்தான். 1940களில் கிரேக்கத் தொல்லியலாளர் நிக்கோலாஸ் பிளாட்டன் துண்டுகளை மறுபடி அடுக்கிப் பார்த்தார். ஒரு வால் இருந்தது. பூப்பறித்தது குரங்கு.

சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் நொசோஸில் இட்டு நிரப்பும் வேலை ஓவியங்களோடு நிற்கவில்லை. தூண்கள், கூரைகள், படிக்கட்டு, மேல்மாடி என்று கட்டடத்தையே ஈவான்ஸ் எழுப்பிவிட்டார், அதுவும் பெரும்பாலும் இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டில். கிரேக்கச் செவ்வியல் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்திய ஒரு நாகரிகத்தின் கட்டடக்கலை என்று உலகம் இன்று மனத்தில் வைத்திருக்கும் படம், அந்தச் சிவப்புத் தூண்கள் உட்பட, 1900க்கும் 1930க்கும் இடையில் உருவானது. ‘ஈவான்ஸ் செய்தது சரியா தப்பா’ என்று நூறாண்டாகச் சண்டை நடக்கிறது. கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. அறைக்கு அறை விடை மாறுகிறது. அதனால் சில இடங்களைத் தனித்தனியாக எடுத்துப் பார்க்கலாம்.

மேடும் அதன் சொந்தக்காரரும்

ஹெராக்லியோன் நகருக்குத் தெற்கே சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கும் கெஃபலா மேட்டில் கி.மு. 7000 வாக்கிலேயே மக்கள் குடியேறியிருந்தார்கள். முதல் அரண்மனை கி.மு. 1900ஐ ஒட்டி எழுந்தது. கி.மு. 1700 வாக்கில் அது அழிந்து, அதே இடத்தில் இன்னும் பெரிதாக இரண்டாவது வந்தது. அரண்மனை கடைசியாகத் தீக்கிரையானது கி.மு. பதினான்காம் நூற்றாண்டில்.

இங்கே முதலில் மண்வெட்டி போட்டவர் ஈவான்ஸ் அல்லர். 1878இல் மினோஸ் கலோகைரினோஸ் என்ற உள்ளூர் வணிகர் தோண்டினார். (பெயரைப் பாருங்கள், மினோஸ்! கிரேக்கக் கதைகளில் நொசோஸை ஆண்ட அரசனின் பெயர். இந்த நாகரிகத்தை ‘மினோவ’ நாகரிகம் என்பதும் அவன் பெயரால்தான்.) ஆளுயரத் தாழிகள் வரிசையாக நின்ற களஞ்சிய அறைகளை அவர் கண்டுபிடித்தார். அப்போது தீவு ஒட்டோமான் ஆட்சியில் இருந்தது. கிடைப்பதெல்லாம் இஸ்தான்புல்லுக்குப் போய்விடும் என்று அஞ்சி உள்ளூர்க்காரர்களே வேலையை நிறுத்தச் சொன்னார்கள். 1898 கலவரத்தில் அவர் வீடு எரிந்தது. சேகரித்த பொருள்களும் குறிப்புகளும் போயின. வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு அவர் முன்பே அனுப்பிவைத்த சில தாழிகள் மட்டும் தப்பின.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த ஈவான்ஸ், 1894இல் கிரீட்டுக்கு வந்தது அரண்மனையைத் தேடி அல்ல, எழுத்தைத் தேடி. குறிகள் செதுக்கிய பழைய முத்திரைக் கற்களைத் தீவின் தாய்மார்கள் பால் சுரப்பதற்காகக் கழுத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவற்றைப் பார்த்துத்தான் இங்கே ஒரு பழைய எழுத்துமுறை இருந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். மேட்டின் ஒரு பங்கை உடனே வாங்கினார்; தீவு தன்னாட்சி பெற்றபின் மீதியையும் வாங்கினார். 1900 மார்ச் 23 அன்று வேலை தொடங்கியது. களத்தை மேற்பார்த்தவர் டங்கன் மெக்கென்சி. முதல் கட்டடக் கலைஞர் தியோடர் ஃபைஃப்.

ஈவான்ஸ் காகித ஆலைக் குடும்பத்துப் பிள்ளை. 1908இல் தந்தை இறந்தபின் சொத்து கைக்கு வந்தது. நிலமும் அவருடையது, பணமும் அவருடையது, தீர்ப்பும் அவருடையது. பிற்பாடு நடந்த பலவற்றுக்கு இதுவே போதுமான விளக்கம்.

மண்ணுக்குள் என்ன இருந்தது?

மினோவக் கொத்தனார்களின் வேலையைத் தெரிந்துகொள்ளாமல் ஈவான்ஸின் சிக்கல் புரியாது. கீழ்ச்சுவர்களுக்கு அவர்கள் சுண்ணாம்புக்கல்லைச் செதுக்கி அடுக்கினார்கள். மேலே மரச்சட்டம் பூட்டி, இடையில் கல்லும் மண்ணும் திணித்தார்கள். மாடிகளில் சுடாத செங்கல். நிலம் அடிக்கடி ஆடும் தீவில், சட்டமிட்ட சுவர் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். தூண்கள் முழு மரம். தரைக்கும் சுவரடிக்கும் பக்கத்துக் குன்றில் வெட்டிய ஜிப்சம் கற்பலகை பதித்தார்கள். அறுக்க எளிது, வெள்ளையாக மினுங்கும். சுவரில் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஈரம் காய்வதற்குள் வண்ணம் தீட்டினார்கள். சுமார் 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் கொண்ட நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. உள்ளறைகளுக்கு வானம் பார்த்த சிறு முற்றங்கள் வழியாக வெளிச்சம் இறங்கும். ஒன்றுக்குள் ஒன்று செருகும் சுடுமண் குழாய்களும் கல் வடிகால்களும் தரைக்குக் கீழே ஓடின.

இதில் எரியக்கூடியதும் அழுகக்கூடியதும் மரம். மழையில் கரையக்கூடியது ஜிப்சம். லிட்டர் தண்ணீரில் சுமார் இரண்டு கிராம் வரை ஜிப்சம் கரையும். மூவாயிரம் ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த கல், திறந்துவைத்த முதல் மழைக்காலத்திலிருந்தே தேயத் தொடங்கிவிட்டது. ஆக, நொசோஸில் ‘ஒன்றும் செய்யாமல் அப்படியே விடுவது’ என்ற வழி கிடையாது. ஒன்று மறுபடி மூட வேண்டும், இல்லையென்றால் கூரை போட வேண்டும்.

படிக்கட்டு: இங்கே நான் ஈவான்ஸ் பக்கம்

நடுமுற்றத்தின் கிழக்கே மலைச்சரிவை வெட்டி, முற்ற மட்டத்துக்குக் கீழே இரண்டு தளங்கள் கட்டியிருந்தார்கள். மேலே குறைந்தது இன்னொரு தளம். எல்லாவற்றையும் இணைத்தது ஒரு பெரிய படிக்கட்டு: அகலமான கற்படிகள், பக்கத்தில் வெளிச்சத்துக்கான திறப்பு, அதை ஒட்டி இறங்கும் கைச்சுவர், கைச்சுவரின் மேல் மரத்தூண்கள்.

1901இல் இதைத் தோண்டியபோது ஒரு விசித்திரம் தெரிந்தது. தூண்கள் கரியாகிப் போயிருந்தன, உத்தரங்கள் இல்லை. ஆனால் மேற்படிகள் ஏறத்தாழ அதே உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. மாடிகளின் செங்கல் கரைந்து களிமண்ணாக இறங்கி, கீழ்த்தளங்களை நிரப்பி, இறுகிப்போயிருந்தது. படிகளைத் தாங்கியது அந்த இடிபாட்டு மண். அதை அள்ளினால் மேலே இருப்பது விழும். அள்ளாவிட்டால் கீழே இறங்க முடியாது. ஒவ்வொரு தூண் இருந்த இடத்திலும் முட்டுக் கொடுத்து, கொஞ்சம் மண்ணை எடுத்து, மறுபடி முட்டுக் கொடுத்துத்தான் சுரங்க வேலை போல முன்னேறினார்கள். முதலில் மரத்தூணும் உத்தரமும்தான் வைத்தார்கள். கிரீட்டின் ஈரமான குளிர்காலம் அவற்றை உளுக்கவைத்தது. 1905இல் பெருமழைக்குப் பின் மேல் படித்தளம் ஒன்று சரிந்தது. அடுத்துப் பொறுப்பேற்ற கட்டடக் கலைஞர் கிறிஸ்டியன் டால், இரும்பு உத்தரங்களைத் தருவித்துச் சிமென்டால் போர்த்தி, படிக்கட்டைத் தளம் தளமாக மறுபடி கட்டினார்.

இங்கே ஊகம் மிகக் குறைவு. படிகள் பழைய கற்படிகள். தூண் நின்ற இடத்தை அடிக்கல் சொல்கிறது, கரி சொல்கிறது. மேலே பருத்துக் கீழே மெலியும் வடிவத்துக்கு, அதே அரண்மனையில் கிடைத்த சிற்றுருவ ஓவியங்களில் வரைந்த தூண்கள் சாட்சி. கிரேக்க நிலப்பகுதியில், மைசீனியின் சிங்க வாயிலில் இரு சிங்கங்களுக்கு நடுவே செதுக்கிய தூணும் அதே வழியில்தான் மெலிகிறது. (வெட்டிய மரம் துளிர்க்காமலிருக்கத் தலைகீழாக நட்டார்கள் என்பது கேட்க நன்றாக இருக்கும் ஊகம், அவ்வளவுதான்.) வீடுகளுக்கு இரண்டு மூன்று மாடிகளும் சன்னல்களும் இருந்ததை, நொசோஸிலேயே கிடைத்த மெருகூட்டிய சிறு வில்லைகள் காட்டுகின்றன, ஒவ்வொரு வில்லையும் ஒரு வீட்டின் முகப்பு.

டால் அன்று இரும்பைக் கொண்டுவராமல் இருந்திருந்தால், வெண்கலக் காலத்தில், கிரேக்கத்தைச் சூழ்ந்த ஏஜியன் கடல் உலகில் இவ்வளவு உயரத்துக்கு மிஞ்சி நின்ற ஒரே பெரிய படிக்கட்டு இன்று கற்குவியலாகத்தான் இருந்திருக்கும். 1926 ஜூனில் நிலநடுக்கம் வந்தது. ஈவான்ஸ் அருகிலிருந்த தன் வீட்டில் இருந்தார். நிலத்துக்கடியிலிருந்து காளை முக்காரமிடுவது போன்ற ஓசை கேட்டதாக எழுதிவைத்தார். ஹெராக்லியோனில் சேதம் இருந்தும், வலுப்படுத்திய பகுதிகள் பெரும்பாலும் தாங்கின. இது அவருக்கு வெற்றிதான். ஆனால் அதற்குப் பிறகு கான்கிரீட் மேல் அவருக்கு வந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகமாகிவிட்டது.

அரியணை அறை: கூரையில் தொடங்கி மாடி வரை

1900 ஏப்ரலில், தோண்டத் தொடங்கிய மூன்றே வாரத்தில், நடுமுற்றத்தின் மேற்கே ஒரு சிறு அறை வெளிப்பட்டது. வடசுவரை ஒட்டி, முதுகுப்புறம் இலை போல் வளைந்த ஜிப்சம் இருக்கை. இருபுறமும் ஜிப்சம் பெஞ்சுகள். எதிரே படி இறங்கும் ஒரு தொட்டியறை. ஜிப்சம் என்பதால் கூரை உடனே தேவைப்பட்டது. 1901இல் ஃபைஃப் ஒரு தட்டைக் கூரை போட்டார். அதைத் தாங்க, மினோவத் தூண் மாதிரியில் மரத்தூண்கள் வைத்தார். 1904இல் சரிவுக் கூரை. 1930இல் பீட் டி ஜோங் என்ற கலைஞரின் மேற்பார்வையில் இவையெல்லாம் போய், கான்கிரீட்டில் ஒரு மேல்மாடியே வந்துவிட்டது.

இந்த மூன்று கட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை விளங்கும். முதலாவது காப்பு. இரண்டாவதும் காப்பு. மூன்றாவது காப்பும் காட்சியும். கீழே நிற்கும் கல்லைக் காக்க மேலே ஒரு முழு மாடி தேவையில்லை. அந்த மாடியில் எந்தச் சுவர் எங்கே நின்றது என்பதற்குக் கீழே விழுந்து கிடந்த கற்களும் கீழ்ச்சுவர்களின் பருமனும் மட்டுமே ஆதாரம். இத்தாலிய மாளிகைகளின் முதல் மாடிக்கு இருக்கும் ‘பியானோ நோபிலே’ என்ற பெயரை எடுத்து, நொசோஸின் மேற்குப் பகுதி மேல்தளத்துக்கு ஈவான்ஸ் வைத்தார். பெயர் ஒட்டியதும் மாடி நிச்சயமாகிவிட்டது. ‘அரசியின் கூடம்’ என்ற பெயரும் அப்படித்தான். அங்கே அரசி ஒருத்தி இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. அங்கே சுவரில் நீந்தும் டால்ஃபின்கள்கூட மேல்மாடியின் தரை ஓவியத்திலிருந்து விழுந்தவையாக இருக்கலாம் என்று 1980களில் ஒரு வாதம் வந்தது.

அரியணைக்கு இருபுறமும் கழுகுத்தலைச் சிங்கங்கள் படுத்திருக்கின்றனவே, அவை 1930இல் ஓவியர் எமில் ஜில்லியெரோன் வரைந்தவை. மேற்குச் சுவரில் அப்படி ஓர் உருவம் ஓரளவு கிடைத்தது உண்மை. அரியணையை ஒட்டிய சுவரில் கிடைத்தவை மிகச் சில துண்டுகள். ஈவான்ஸ் இதை மினோஸ் அரசனின் இருக்கை என்றார். 1958இல் ஆய்வாளர் ஹெல்கா ரோய்ஷ் வேறொன்றைக் கவனித்தார்: மினோவக் கலையில் இந்த விலங்குகள் இருபுறமும் நின்றால் நடுவில் இருப்பது பெரும்பாலும் பெண் தெய்வம். அப்படியானால் இருக்கையில் அமர்ந்தவள் தெய்வமாக வேடமேற்ற பூசாரிப் பெண்ணாக இருக்கலாம். இந்த வாதத்துக்கு இன்று ஆதரவு அதிகம்.

லில்லி இளவரசன்: இங்கே மன்னிக்க முடியவில்லை

1901இல் அரண்மனையின் தென்பகுதியில் வண்ணம் பூசிய சுதைப் புடைப்புச் சிற்பத்தின் துண்டுகள் கிடைத்தன. ஒன்றில் கழுத்துமாலையோடு ஆண் மார்பு, மடக்கிய கை. இன்னொன்றில் காலின் ஒரு பகுதி. மூன்றாவதில் லில்லிப் பூக்களும் மயில் இறகும் செருகிய கிரீடம். முகம் கிடைக்கவில்லை. தொடக்கத்தில் ஈவான்ஸே இவை ஒரே ஆளுடையவை என்று நினைக்கவில்லை. மார்பு குத்துச்சண்டை வீரனுடையதாக இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. பிறகு மனம் மாறியது. மூன்று துண்டும் சேர்ந்தன, முகம் வந்தது, பாதை வந்தது, பூந்தோட்டம் வந்தது. ஆளுயரத்துக்கும் மேலான ‘பூசாரி அரசன்’, உலகம் லில்லி இளவரசன் என்று அழைப்பவன், நடந்துவந்துவிட்டான்.

1979இல் ஆய்வாளர் ழான் குலோம், மார்பின் தசைகளும் கையின் நிலையும் குத்துச்சண்டை வீரனுக்கே பொருந்தும் என்று காட்டினார். 1987இல் வொல்ஃப் டீட்ரிச் நீமயர், துண்டுகள் ஒன்றுக்கு மேற்பட்ட உருவங்களுக்கு உரியவை, கிரீடம் பெண்ணுக்கோ பெண்தலைச் சிங்கத்துக்கோ பொருந்தும் என்றார். மினோவ ஓவியத்தில் பொதுவாக ஆண் தோல் செம்பழுப்பு, பெண் தோல் வெள்ளை. இந்த மார்பின் நிறம் எது என்பதிலேயே இன்னும் தகராறு.

இதுவரை சொன்னது அறிவுத்துறையின் இயல்பான தவறும் திருத்தமும். எனக்கு உறுத்துவது இதுதான்: படிக்கட்டில் கான்கிரீட் இல்லாவிட்டால் கட்டடம் விழுந்திருக்கும். இளவரசனுக்கு முகம் வரையாவிட்டால் என்ன விழுந்திருக்கும்? மூன்று துண்டுகளையும் மூன்றாகவே மாட்டியிருக்கலாம். ஆனால் ஈவான்ஸுக்கு மினோஸ் அரசன் வேண்டியிருந்தான். அதே அரண்மனையின் ‘நீலமங்கையர்’ ஓவியத்தில் தலை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மூன்று முகங்களும் ஜில்லியெரோன் கைவண்ணம். 1903இல் கிடைத்த பாம்பு ஏந்திய சிறு பெண் உருவத்துக்குத் தலையும் ஒரு கையும் பின்னால் செய்து வைத்தவை. உலகம் ‘மினோவ முகம்’ என்று ரசிக்கும் முகங்களில் கணிசமானவை இருபதாம் நூற்றாண்டு ஐரோப்பிய முகங்கள்.

குரங்குக்கு மட்டும் நல்ல காலம். 1967இல் சாண்டோரினித் தீவின் அக்ரோத்திரியில் ஸ்பிரிடோன் மரினாடோஸ் தோண்டத் தொடங்கினார். எரிமலைச் சாம்பலுக்குள் அப்படியே புதைந்த அந்த ஊரின் சுவர்களில் நீலக்குரங்குகள் ஏறிக் குதிக்கின்றன. ஒன்று தெய்வத்துக்குக் குங்குமப்பூவை நீட்டுகிறது. பிளாட்டன் பார்த்த வால் சரிதான். குரங்கின் சாம்பல் நிறத்தைக் காட்ட நீலத்தைத் தீட்டுவது அக்கால வழக்கம். இதில் நமக்கொரு கூடுதல் சுவாரசியம்: 2020இல் குரங்கியல் அறிஞர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று, அக்ரோத்திரியில் ஓர் அறையின் குரங்குகள் வாலை மேலே தூக்கி வளைத்திருக்கும் விதத்தைப் பார்த்து, அவை ஆப்பிரிக்கக் குரங்குகள் அல்ல, இந்தியத் துணைக்கண்டத்தின் சாம்பல் மந்திகள் என்றது. எதிர்த்து எழுதியவர்களும் உண்டு. உண்மையானால், சிந்துவெளிக்கும் ஏஜியனுக்கும் இடையே சரக்கோடு காட்சிகளும் பயணம் செய்தன என்றாகும்.

எந்த அரண்மனை?

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. படிக்கட்டு இரண்டாம் அரண்மனையின் உச்சக்காலத்தது. அரியணை அறையின் இன்றைய உருவம் கடைசிக் கட்டத்துக்குரியது. இரண்டும் இன்று ஒரே சிவப்புத் தூணோடு ஒரே கட்டடமாக நிற்கின்றன. எந்த ஒரு ஆண்டிலும் இப்படி ஓர் அரண்மனை நின்றதில்லை. கடைசிக் காலத்தில் உள்ளே எழுப்பிய தடுப்புச் சுவர்களை, யாரோ பிற்காலத்தில் அத்துமீறிக் குடியேறியவர்களின் வேலை என்று ஈவான்ஸ் அகற்றிவிட்டார்.

அந்தக் கடைசிக் காலத்தவர் யார்? 1900லேயே கிடைத்த களிமண் ஏடுகளில் விடை இருந்தது. ஈவான்ஸ் ‘நேரியல் பி’ என்று பெயரிட்ட அந்த எழுத்தை அவரால் படிக்க முடியவில்லை. ஏடுகளில் பெரும்பகுதியை வாழ்நாளில் வெளியிடவும் இல்லை. நொசோஸைக் கிரேக்கர்கள் ஆண்டிருக்க முடியாது என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். 1941இல் இறந்தார். 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் அதைப் படித்தார்; மொழி கிரேக்கம். கடைசி நொசோஸின் கணக்குகளை எழுதியது கிரேக்கம் பேசிய நிர்வாகம். அதற்கு முந்திய எழுத்தான ‘நேரியல் ஏ’ இன்னும் படிக்கப்படாததால், அந்த நிர்வாகத்துக்கு முந்தியவர்கள் தங்களை என்ன பெயரால் அழைத்துக்கொண்டார்கள் என்பதும் தெரியாது. ‘மினோவர்’ நாம் வைத்த பெயர்.

கான்கிரீட்டுக்கும் வயதாகிறது

ஈவான்ஸ் வாழ்ந்த காலத்து வழக்கத்துக்கு அவர் புறம்பானவர் அல்லர். 1931இல் பாதுகாப்பு நிபுணர்களின் ஏதென்ஸ் சாசனம், பழங்கட்டடங்களைப் பலப்படுத்தக் கான்கிரீட்டை ஏற்றுக்கொண்டது. 1964இல் வெனிஸ் சாசனம் வந்தபோதுதான் கோடு கிழித்தார்கள்: ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நிற்க வேண்டும், சேர்த்த பகுதி சேர்த்தது என்று தெரிய வேண்டும். நொசோஸில் இரண்டாவது விதிதான் அதிகம் மீறப்பட்டது. கான்கிரீட் உத்தரங்களுக்கு மரம் போலவே வண்ணம் பூசினார்கள். பழையதும் புதியதும் சேரும் விளிம்பைக் கண்டுபிடிக்கப் பார்வையாளருக்கு வழியில்லை. அதே தீவின் ஃபைஸ்தோஸுக்குப் போனால் வித்தியாசம் தெரியும். அதையும் 1900இல்தான் தோண்டத் தொடங்கினார்கள். ஃபெடரிகோ ஹால்பெரும் லுயிஜி பெர்னியெரும் தலைமை தாங்கிய இத்தாலியர்கள் மிகக் குறைவாகவே கட்டினார்கள். அங்கே முற்றமும் அகன்ற படிகளும் வானமும் மட்டும். நேர்மையான இடம். ஆனால் பக்கத்தில் ஒருவர் விளக்கிச் சொல்லாவிட்டால் பலருக்கு அது கல்வரிசையாகத்தான் தெரியும். நொசோஸில் ஒரு குழந்தைக்குக்கூட ‘மேலே மாடி இருந்தது’ என்று புரிகிறது. இந்த நன்மையை ஈவான்ஸின் கணக்கில் எழுதாமல் விடுவது நியாயமில்லை.

1926இல் அவர் இடத்தை ஏதென்ஸின் பிரிட்டிஷ் ஆய்வுப் பள்ளிக்குக் கொடுத்தார். 1952இல் அது கிரேக்க அரசிடம் வந்தது. கான்கிரீட்டுக்குள் ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளிருந்து வெடிப்பு விடும். ஈவான்ஸின் உத்தரங்களுக்கு அதுதான் நடந்தது. பிளாட்டன் 1950களில் செப்பனிடத் தொடங்கினார், வேலை இன்றும் முடியவில்லை. பெயர்த்தெடுக்கவும் முடியாது: பல இடங்களில் பழைய கல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதே அந்தக் கான்கிரீட். அது கீழே இருக்கும் அரண்மனையோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டிய சின்னமாகவே ஆகிவிட்டது. 2025 ஜூலையில் மினோவ அரண்மனை மையங்கள் ஆறு யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. நொசோஸும் அதில் ஒன்று. இப்போது பராமரிப்புக் குழுவினர் ஒரு சிவப்புத் தூணில் விரிசலை அடைக்கும்போது, கி.மு. 1600ஐச் சேர்ந்த எதையும் தொடுவதில்லை. 1920களின் சிமென்டைத்தான் தொடுகிறார்கள், அதன் பழைய நிறத்துக்கே பொருத்தி.